நாடியைக் காத்த காலம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அக்கா குடும்பத்தோடு நான் இருந்த தொடர்மாடிக்கு எதிரே, கடைகள் நிறைந்த ஒரு மோல் இருந்தது. அதன் மருந்துக்கடையின் பின்மூலையில், காசு போடாமலே கையை நுழைத்து இரத்த அழுத்தம் பார்க்கக்கூடிய இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஏறக்குறைய இரண்டு வருடங்கள், கிழமை நாட்களில் நான் அதில் போய் உட்காராத காலை மிகக் குறைவு. அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. உடம்பில் எந்த வருத்தமும் இல்லை. போக்கர் ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள முயன்றுகொண்டிருந்தேன். அந்தத் தொழிலுக்கு உடம்புதான் முதல் என்று நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் வாசித்து, அதை அப்படியே நம்பியிருந்தேன்.

என் உடம்பை நான் அந்த இரண்டு வருடங்களும் பார்த்துக்கொண்டதுபோல அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அந்தக் கவனத்தினால்தான், அப்பாவின் குரலைக் கேட்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரேயொரு காலையையும் இழந்தேன். நாட்குறிப்பில் அந்த நாளுக்கு நேரே ஒரு வரிதான் இருக்கிறது. அதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன்.

போக்கருக்கு நான் வந்தது ஊர்க் கடதாசி விளையாட்டின், அதாவது சீட்டாட்டத்தின் வழியாக. முந்நூற்றுநாலு தெரியாத யாழ்ப்பாணத்து ஆண்கள் குறைவு. நாலு பேர், இரண்டு சோடி. சோடிக்காரர் எதிரெதிரே இருப்பார்கள். அதில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிய கடதாசி. அடுத்தது ஒன்பது. ஆசும் கிங்கும் அதற்குப் பிறகுதான். ஜாக்குக்கு ஊரில் வேறு பெயரும் சொல்வார்கள். இங்கே ஜாக் என்றே எழுதுகிறேன்.

கனடாவுக்கு வரும்வரை என் சோடி அப்பாதான். தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுப்பவர். பகிடி விடுவதென்றால் கடதாசி மேசையில் மட்டும்தான். கையில் ஜாக் வந்தால் அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் மேசைக்குக் கீழே ஒரு கால் ஆடத் தொடங்கும். மேசைப் பலகை இலேசாக அதிரும். அதை வைத்து விளையாடுவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்க முயன்றேன் என்றுதான் சொல்லலாம்.

அந்த நாட்களில் ரொறன்ரோவில் நிரந்தரமான கசினோ இருக்கவில்லை. தருமக் காரியங்களுக்குப் பணம் சேர்க்கவென்று அனுமதி பெற்று, ஹோட்டல் மண்டபங்களிலும் விருந்து மண்டபங்களிலும் இடம் மாறி மாறி நடத்துவார்கள். இன்றைக்கு இருக்கும் மண்டபத்தில் அடுத்த கிழமை கலியாண வீடு நடக்கும். அப்படியான ஒரு மண்டபத்துக்கு ஒரு சனிக்கிழமை என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் சில்லுச் சுழற்றும் மேசையில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, சலித்துப்போய்க் கோப்பி குடிக்கப் போய்விட்டார். நான் போக்கர் மேசைக்குப் பின்னால் நின்றேன். கையில் இரண்டு கடதாசி, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து; இரண்டையும் சேர்த்து யாருடைய கை பெரிதோ அவருக்கு வெற்றி. அல்லது, பெரியது என்று மற்றவரை நம்பவைப்பவருக்கு வெற்றி. சோடி இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனி. அது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

நான் சனி ஞாயிறுகளில் ஒரு வாகனத் தரிப்பிடக் கூண்டில் வேலை செய்தேன். வெள்ளிக்கிழமையும் சில வேளை கூப்பிடுவார்கள். மற்ற நாட்கள் விளையாட்டுக்கு. ஒரு வருடம் முடியும்போது தோற்றதைவிட வென்றது கூடுதலாக இருந்தது. இன்னும் ஒரு வருடம் இதே மாதிரிப் போனால் கூண்டு வேலையை விட்டுவிடலாம் என்று கணக்கிட்டேன்.

கணக்கைப் பிழையாக்கக்கூடியது ஒன்றுதான், என் நரம்பு. மேசையில் நன்றாக விளையாடத் தெரிந்த பலர் உடம்பால் அழிந்துபோனதைக் கண்ணால் கண்டிருந்தேன். அந்தக் காலத்தில் உள்ளே புகைக்கலாம். மண்டபத்தில் ஒரு மேகம் நிற்கும். ஆட்கள் சாப்பிடாமல், எழும்பாமல், தோற்ற ஆத்திரத்தில் இன்னும் தோற்றுக்கொண்டு இருப்பார்கள். நான் அப்படி ஆகக்கூடாது என்று ஒழுங்குகள் வைத்தேன். பகல் ஆட்டம் மட்டும். புகைக்காதவருக்குப் பக்கத்தில் இடம். இடைக்கிடை எழும்பி வெளியே போய் வாகனங்களுக்கிடையில் ஒரு சுற்று நடை. சோறு சாப்பிட்டால் கண் சொருகும் என்பதால் அவித்த கடலையைத் தாளித்து மாஜரின் டப்பாவில் கொண்டுபோவேன். காலையில் மோலுக்குள் நடை, பிறகு இயந்திரத்தில் இரத்த அழுத்தம், பிறகு வீட்டுக்கு வந்து குளிப்பு. புறப்படுவதற்கு முன்பு ஒரு மணித்தியாலம், திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் மல்லாந்து கிடந்து, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து மூச்சை ஆற்றுவேன். நாடி இறங்கினால்தான் போவது. இறங்காவிட்டால் அன்றைக்கு ஆட்டமில்லை.

கடைகள் திறக்க முன்பு மோலுக்குள் நடப்பவர்கள் எல்லாரும் என் வயதுக்கு இரண்டு மடங்கு. எங்கள் ஆட்களும் இருந்தார்கள். சப்பாத்தும் வேட்டிக்கு மேலே குளிர் ஜாக்கெட்டுமாக நடக்கும் ஓர் அங்கிள், இயந்திரத்தடியில் என்னைக் கண்டு பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

“தம்பி, உமக்கு என்ன, சீனியோ பிறசரோ?”

“ஒண்டுமில்லை அங்கிள்.”

“ஒண்டுமில்லாமலோ உதுக்குள்ள கையை விடுறீர்? மறைக்காதையும். என்ரை மருமோனுக்கும் உம்மடை வயசுதான். இப்ப பாணும் பருப்பும்தான்.”

“இது சும்மா ஒரு பழக்கம் அங்கிள்.”

“சும்மா ஆரும் டொக்டரிட்டைப் போறவையோ? கலியாணம் பேச முன்னம் மாத்திப்போடும். ஆக்கள் பாத்துக்கொண்டிருக்குதுகள்.”

அந்தக் கதை பரவியதோ என்னவோ, கோவிலில் கண்ட ஓர் அன்ரி அக்காவிடம் ரகசியமாக, “தம்பிக்குப் பாகற்காய் குடுக்கிறனீரோ?” என்று கேட்டாராம். அக்கா வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பில் அத்தான் ரீவியை நிற்பாட்டிவிட்டு என்னவென்று கேட்டார்.

என்னுடைய ஒழுங்குகளை அந்த வீட்டில் மதித்தவர் அக்காதான். கடதாசி விளையாடிப் பிழைப்பதைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அதை ஒரு சோதனைக்குப் படிப்பவனுடைய காரியமாக எடுத்துக்கொண்டார். எங்கள் வீடுகளில் சோதனை என்றால் தெரியும்தானே. ரேடியோ பாடாது, சண்டை நடக்காது. நான் ஊரில் உயர்தரம் எழுதிய நாட்களில் பெரியப்பா செத்துப்போனார். கடைசித் தாள் எழுதி முடித்து வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். வீட்டில் எல்லாரும் செத்தவீட்டுக்குப் போய்த் தோய்ந்துவிட்டு வந்து, என் முன்னால் ஒன்றும் நடக்காததுபோல் இருந்திருக்கிறார்கள். அதில் எனக்கு அப்போது கோபம் வரவில்லை. அதுதான் முறை என்று நினைத்தேன்.

அக்கா வீட்டில் வைத்து இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போவார்கள். நான் அறைக்குள் மல்லாந்து கிடக்கும் நேரத்தில் வெளியே அவர் அவர்களிடம் சொல்வது கேட்கும். “மாமாவுக்குச் சோதனை. சத்தம் போடப்படாது. உஷ்!” மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, தானும் “உஷ், உஷ்” என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரியும்.

செய்தி பற்றிய ஒழுங்கு பிறகுதான் வந்தது. ஊரில் நிலைமை மோசமான காலம். காலையில் எழும்பியதும் அத்தான் தமிழ் வானொலியைப் போடுவார். அதற்கென்று தனியாக விற்ற ஒரு பெட்டி அது. ஒரு நாள் காலை, கொழும்பிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் எடுத்து, எங்கள் வீட்டு ஒழுங்கையில் செல் விழுந்து வெடித்ததென்றும் இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள் இல்லையென்றும் சொன்னார். நானே அந்தத் தொலைபேசியை எடுத்தேன். அப்பா அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, வழமைபோல விளையாடப் போனேன். போயிருக்கக்கூடாது. அன்று முழுக்க விளையாடத் தெரியாத ஒருவனாக இருந்தேன். அதைவிட, என்னால் எழும்பவும் முடியவில்லை. தோற்ற ஆத்திரத்தில் இன்னும் தோற்றேன். நான் பயந்து ஒதுங்கிய அந்த ஆட்களில் ஒருவனாக அன்று இருந்தேன்.

அன்று பின்னேரமே அக்காவிடம் சொன்னேன். விளையாடும் நாளில் நான் திரும்பி வரும்வரை ஊர்ச் செய்தி எதையும் எனக்குச் சொல்லவேண்டாம். நல்லதோ கெட்டதோ. நான் படுத்திருக்கும் நேரத்தில் தொலைபேசிக்கு என்னைக் கூப்பிடவும் வேண்டாம். யார் எடுத்தாலும்.

“ஆரெடுத்தாலுமோ?” என்று அக்கா கேட்டார்.

“ஆரெடுத்தாலும்.”

அத்தான் சாப்பாட்டு மேசையிலிருந்து, “பிரதம மந்திரி எடுத்தாலுமோ?” என்றார்.

“அவருக்கு இவனோடை என்ன கதை? நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ,” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, “எனக்கு விளங்குது. சோதனைக்குப் போறவனுக்கு ஒண்டும் சொல்லப்படாதுதானே,” என்றார்.

அந்த ஒழுங்கு வேலை செய்தது. இரத்த அழுத்தம் இறங்கியது. காலையில் அத்தான் வானொலியைக் காதோடு வைத்துக் கேட்டார். அவர்களுடைய முகத்தைப் பார்த்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும், பார்க்காமல் பழகினேன். கிழமையில் நாலு நாட்கள், பகல் முழுவதும், எனக்கு ஊர் இருக்கவில்லை. சப்பாத்துக்குள் இருந்த கல்லை எடுத்தெறிந்ததுபோல இருந்தது. அது எவ்வளவு சுகம் என்பதை எழுத எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

மீதி இருந்தது ஜாக்.

பகல் மேசையில் வழமையாக விளையாடும் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். பாடசாலை பஸ் ஓட்டி இளைப்பாறியவர். ஆட்டம் நிறுத்திய ஒரு வேளையில், வெளியே காற்று வாங்க வந்தவர், நடந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, நான் நன்றாக விளையாடுகிறேன் என்றும், என் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். நன்றி சொன்னேன். பிறகு தன் கழுத்தின் பக்கவாட்டை விரலால் தொட்டுக் காட்டி, “ஆனால் உனக்கு ஜாக் வந்தால் இது துடிக்கிறது,” என்றார். ஜாக்குக்கு மட்டும் ஏன் என்று தனக்கு விளங்கவில்லையாம். ஆசு வந்தாலும் துடிப்பதில்லையாம். என்னிடம் கடலை வாங்கிச் சாப்பிட்டதற்காகச் சொல்கிறாராம். இனிச் சொல்லமாட்டாராம்.

நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கடதாசிக் கட்டை வைத்துக்கொண்டு இருந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஆசுக் கடதாசியைப் புரட்டினால் ஒன்றுமில்லை. ஜாக்கைப் புரட்டினால், அது எதற்கும் உதவாத இடத்தில் வந்தாலும், கழுத்தில் ஒரு துள்ளல். எத்தனையோ வருடம் அதுதான் பெரிய கடதாசி என்று பழகிய இரத்தம். போக்கரில் அது நாலாவது என்று மூளைக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியவில்லை. அப்பாவின் கால் ஆடியது எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்குக் காலில் இருந்தது எனக்குக் கழுத்துக்கு ஏறியிருக்கிறது.

அதற்குப் பிறகு கழுத்தை மூடிய சட்டை போட்டேன். ஜூன் மாதத்தில்.

“என்னடா இது, வெளியில வெயில் கொளுத்துது?” என்றார் அக்கா.

“கசினோவுக்க ஏசி குளிர்.”

“நேற்று மட்டும் குளிரேல்லையோ?”

“இஞ்சை பார்,” என்றார் அத்தான், “உவன் இனி முகமூடியும் போட்டுக்கொண்டு போவான். பேந்து அங்கை விளையாடத் தேவையில்லை. பாங்குக்கே நேரை போகலாம்.”

சட்டையைப் பெரிதாக நம்பாமல், படுக்கும் நேரத்தில் கண்ணை மூடி ஜாக்கை நினைத்துக்கொண்டு மூச்சை ஆற்றிப் பழகினேன். அந்த ஒரு மணித்தியாலத்தின் மதிப்பு முன்னைவிடக் கூடியது.

அந்த ஆண்டு கோடையில் அப்பா கொழும்புக்கு வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. கண்ணில் வெண்புரை, வெட்டவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருவதற்கு இராணுவத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், திருகோணமலைக்குக் கப்பல், அங்கிருந்து பஸ். ஊரில் எங்கள் பக்கத்தில் தொலைபேசி இல்லை. நான் நாட்டை விட்டு வந்த பிறகு அவருடைய குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கொழும்பில் நின்றால் ஒரு கொமியூனிக்கேஷன் கடைக்குப் போய் எடுக்கலாம். கடிதம் வந்து சேர்ந்தபோதே பழையது. அவர் புறப்பட்டாரா, எப்போது எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. அக்கா ஒவ்வொரு நாளும் தொலைபேசியைத் துடைத்து வைத்தார் என்று சொன்னால் கூட்டிச் சொல்வதாகாது.

நானும் காத்திருந்தேன். ஆனால் ஒழுங்கில் ஒரு விலக்குச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். அப்பா எடுத்தால் எழுப்புங்கோ என்ற மூன்று சொல் என் வாயில் வரவில்லை. அது எல்லாருக்கும் தானாகத் தெரியும் என்று நினைத்தேனா, அல்லது நினைக்கவே இல்லையா என்று இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. நடந்து, குளித்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். வெளியே தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்தார். கொழும்போடு கதைக்கும்போது எங்கள் ஆட்கள் எல்லாருமே கத்துவார்கள், தூரத்துக்குக் கேட்கவேண்டும் என்று. அக்காவும் முதலில் கத்தினார். “ஓம்! ஓம்! கேக்குது!” பிறகு அந்தப் பிள்ளை “உஷ்” என்றது. அதைக் கேட்டாரோ என்னவோ, அக்காவின் குரல் திடீரென்று தணிந்துவிட்டது. தொலைபேசிக் கயிற்றை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எனக்காகச் சாத்தினார்.

என் விரல்கள் மணிக்கட்டில் இருந்தன. நாடி எழும்பப் பார்த்தது. மூச்சை விட்டேன், இறக்கினேன். அது இறங்கியது. எழும்பி ஏழு அடி நடந்தால் கதவு. நான் எழும்பவில்லை. என் உடம்பு சொன்னதைக் கேட்கிறது என்ற சந்தோஷத்தோடு கிடந்தேன்.

வெளிக்கிட்டபோது அக்கா வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்லப்போனவர்போல இருந்தது. நான் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, “போட்டு வாறன்,” என்றேன்.

“வடிவா விளையாடு,” என்றார்.

அன்று நான் விளையாடியதுபோல் அதற்கு முன்பு விளையாடியதில்லை. மதியத்துக்குப் பிறகு கையில் இரண்டு ஜாக் வந்தது. நான் கழுத்தை மூடிய சட்டை போட்டிருந்தேன், ஆனால் தேவைப்படவில்லை. எனக்கே தெரிந்தது, ஒன்றும் துள்ளவில்லை. இரண்டு ஜாக்கையும் ஏதோ இரண்டு கடதாசி என்று பார்த்தேன். எதிரே ஒருவர் பெரிதாகக் கட்டினார். அவரிடம் அதைவிடப் பெரிய சோடி இருக்கிறது என்று விளங்கி, ஜாக்கை எறிந்துவிட்டேன். அவர் காட்டினார், இரண்டு கிங். பஸ் ஓட்டிய அம்மா என் கழுத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா நான் கேளாமலே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். அதிலேயே விளங்கிவிட்டது.

“என்ன?”

“முதல் குடி.”

“என்னக்கா?”

“அப்பா எடுத்தவர். பயப்பிடாதை, சுகமாயிருக்கிறார். கண் வெட்டியாச்சு.”

“எப்ப?”

“காலமை. நீ படுத்திருக்கேக்கை.”

“ஏன் என்னை எழுப்பேல்லை?”

“நீதானே எழுப்ப வேண்டாமெண்டனீ. ஆரெடுத்தாலும் எண்டனீ.”

“அப்பாவுக்குமோ? அப்பாவெண்டா எழுப்புறதில்லையோ?”

அக்காவின் முகம் மாறியது. “நான் எழுப்பத்தான் வெளிக்கிட்டனான். ‘நில்லுங்கோ அப்பா, கூப்பிடுறன், படுத்திருக்கிறான், வெளிக்கிட முன்னம் ஒரு மணித்தியாலம் படுக்கிறவன்’ எண்டு சொன்னனான். அவர்தான் வேண்டாமெண்டவர். ‘வேலைக்குப் போறவனை எழுப்பாதை பிள்ளை, நான் நாளைக்கு எடுக்கிறன்’ எண்டவர்.”

“வேலைக்கெண்டோ சொன்னவர்?”

“ஓம். நான் எழுதினதெல்லாம் வாசிச்சவர், எண்டாலும் வேலையெண்டுதான் சொன்னவர்.”

நான் கடதாசி விளையாடுவதை அக்கா அவருக்கு எழுதியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“வேறை என்ன கேட்டவர்?”

“என்ன சாப்பிடுறவன் எண்டு கேட்டவர். கடலை எண்டனான். சிரிச்சவர். குளிருக்குச் சட்டை போடுறவனோ எண்டார். வெயிலுக்கையும் போடுறான் எண்டு சொன்னன். பேந்து...” அக்கா யோசித்தார். “அந்த விளையாட்டில எந்தக் கடதாசி பெரிசெண்டு கேட்டவர். எனக்கென்ன தெரியும்? அவனிட்டைக் கேட்டு நாளைக்குச் சொல்லுறன் எண்டனான். அதோடை காசு முடிஞ்சுபோச்சு.”

“எங்கை நிக்கிறார்? நம்பர்?”

அக்கா தொலைபேசியைத் திரும்பிப் பார்த்தார். நம்பர் கேட்க மறந்துவிட்டார். நாளைக்கு எடுப்பார்தானே என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் நான் நடக்கப் போகவில்லை, இயந்திரத்தில் கை விடவில்லை. குசினிக் கதிரையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காலை முழுக்க இருந்தேன். நாடிக்காக அந்த இரண்டு வருடமும் தொட்டே பார்க்காதிருந்த கோப்பியை இரண்டு தடவை குடித்தேன். தொலைபேசி அடித்தது, கம்பளம் கழுவுகிறோம் என்று ஒரு பெண். மறுபடி அடித்தது, அத்தான், வேலையிடத்திலிருந்து. “எடுத்தவரோ?” என்றார். இல்லை என்றேன். வழமையாக ஒரு பகிடி விடுகிறவர், “சரி, லைனை வை, லைனை வை,” என்று அவசரமாக வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை வந்து என் முழங்காலில் சாய்ந்துகொண்டு, “மாமா, சோதனை முடிஞ்சுதோ?” என்று கேட்டது.

வியாழனும் அப்படியே போனது. சொந்தக்காரர் மூலம் அப்பா தங்கியிருந்த லொட்ஜின் நம்பரைப் பிடித்து, பிள்ளைகள் நித்திரையாக இருந்த நேரத்தில் நானே எடுத்தேன். முகாமையாளர் என்று ஒருவர் கதைத்தார். செவ்வாய் இரவே கப்பலுக்குப் பெயர் வந்துவிட்டதாம். விட்டால் பிறகு எப்போது என்று தெரியாது என்பதால், விடிய முன்னமே திருகோணமலை பஸ் எடுத்துவிட்டார். “கண்ணில பிளாஸ்டரோடைதான் போனவர்,” என்றார் அவர். “கனடாவுக்கு ஒரு கோல் எடுக்கவேணும், கடை திறக்கேல்லை எண்டு நிண்டவர்.”

அக்கா அந்த இரவு சாப்பிடவில்லை. அவரில் பிழையில்லை என்று நான் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை என்று நினைக்கிறேன். அவர் அதை நம்பவில்லை. அவர் செய்தது எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் செய்துவந்ததுதான். அப்பாவும் அதையேதான் செய்தார். படுத்திருக்கும் பிள்ளையை எழுப்பக்கூடாது, வேலைக்குப் போகிறவனைக் குழப்பக்கூடாது. மூன்று பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

நான் அதற்குப் பிறகும் சில மாதங்கள் விளையாடினேன். படுக்கும் பழக்கம் போய்விட்டது; கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கதிரையில் இருப்பேன். தொலைபேசி அடித்தால் பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு ஓடி நானே எடுப்பேன். ஜாக் வந்தால் கழுத்து பழையபடி துள்ளியது. அதை ஆற்ற நான் முயலவில்லை. பஸ் ஓட்டிய அம்மா தான் சொன்ன வாக்குப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் துள்ளும்போது அவர் கடதாசியைக் கீழே வைத்துவிடுவார். பிறகு அந்த இடம் மாறும் கசினோக்களும் நின்றுபோயின. நான் மார்க்கம் நகரில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதப் போனேன். இன்றைக்கும் அந்த வேலைதான்.

அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் கேட்டதற்கு முறையாகப் பதில் எழுதினேன். ஆசு பெரிது, அடுத்தது கிங், பிறகு குயின், அதற்குக் கீழேதான் ஜாக். ஒன்பது ஒன்றுக்கும் உதவாது. துரும்பு இல்லை. சோடியும் இல்லை. எடுத்தபோது படுத்திருந்தேன், மன்னிக்கவும் என்று கடைசியில் ஒரு வரி. அவர் எழுதிய பதில்களில் அதைப்பற்றி ஒன்றும் இருக்கவில்லை; கண் நன்றாகத் தெரிகிறது, அம்மாவுக்கு முழங்கால் நோகிறது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக்குத் தொலைபேசி திரும்பி வருவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். நித்திரையில். யாரையும் எழுப்பவில்லை.

இப்போது எனக்கு அவருடைய அந்த வயது நெருங்குகிறது. குடும்ப வைத்தியர் வருடா வருடம் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஒருவரைக் காண்பது குறைவு என்று சொல்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். நடக்கிறேன் என்று சொல்கிறேன்.

அப்பா போய்ச் சில காலத்தின் பின், ஊரில் அவரோடு பின்னேரங்களில் கடதாசி விளையாடிய ஒருவர் பிக்கரிங்கில் மகளிடம் வந்து இறங்கினார். அக்காவும் நானும் போய்ப் பார்த்தோம். நான் வந்த பிறகு அப்பாவுக்குச் சோடி அவர்தான். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

“நீர்தானே கடதாசி விளையாடின மகன்? உம்மடை காயிதத்தைக் கொப்பர் கடதாசி மேசைக்குக் கொண்டந்து வாசிச்சவர் எல்லோ. எங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டினவர்.”

“என்ன சொன்னவர், அங்கிள்?”

“மன்னிப்புக் கேட்டிருந்தீராம். அதை வாசிக்கேல்லை, மடிச்சு வைச்சிட்டார். மற்றதைத்தான் ரெண்டு தரம் வாசிச்சவர். வாசிச்சுப்போட்டு, கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சொன்னார், ‘ஜாக்கை நாலாவதா வைச்சிருக்கிற ஊரில, பாவம், உவன் எப்பிடிச் சீவிக்கிறான்?’ எண்டு.”

அவர் அதை அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். நல்ல கெட்டிக்காரர், அப்படியே இருந்தது என்று அக்கா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அது சரியா என்று சொல்லத் தெரியவில்லை.